ஊசி அட்டையில் என் பேர்

நாங்கள் சாமான் பிரித்தது ஒரு சனிக்கிழமை. ஃபிரிட்ஜ் எனக்கு, மோட்டார் சைக்கிள் அவருக்கு, கல்யாண அல்பத்தை யாரும் தொடவில்லை, இரண்டு காஸ் சிலிண்டரில் வெறுமையாய்க் கிடந்ததை அவர் எடுத்துக்கொண்டார் (அதற்கும் ஒரு சண்டை வரப்பார்த்தது, அம்மா தேத்தண்ணியோடு வந்ததால் தப்பியது). பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஏழு வருடமாய்ச் சேர்ந்த சாமான் இரண்டு மணித்தியாலத்தில் பிரிந்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவும் நடக்கும்போது எங்கள் நாய் ரொமி விறாந்தைக்கு நட்டநடுவில் படுத்துக் கிடந்தான். அலுமாரி தூக்கினவர்கள்கூட அவனைத் தாண்டித்தான் போனார்கள். அவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேற்றடியில் வைத்துத்தான் அவர் கேட்டார். "இஞ்ச, ரொமியை நான் கொண்டு போகட்டா?"

"வீட்டுச் சாமான் ஒண்டும் வெளியே போகாது" என்றேன்.

அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அன்று நல்லாய்த்தான் இருந்தது. அவருக்கு நோகவேண்டும் என்று நினைத்தேன், நொந்தது, அவ்வளவுதான். நாயைப் பற்றிய யோசனை அதில் ஒரு சொட்டும் இல்லை.

ரொமி கலப்பில்லாத ஊர்நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மழையில், வேலை முடிந்து வரும்போது மதகடியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை அவர் ரெயின்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையளவுதான் இருந்தான். மிருக வைத்தியரிடம் முதல் ஊசிக்குக் கொண்டு போனது நான், ஏனென்றால் அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, அவருக்கு வேலை. அட்டை எழுதினவர் சொந்தக்காரர் பேர் கேட்டார், என் பேரைச் சொன்னேன். விலாசம் கேட்டார், கல்லடி வீட்டு விலாசத்தைச் சொன்னேன். அந்த மஞ்சள் அட்டை பின்னாளில் ஒரு சாட்சி ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

லோயரிடம் போனபோது அவர்தான் அட்டையைப் பார்த்துச் சொன்னார். "மிஸ், பேர் உங்கட, வீடு உங்கட, ஊசிக்குக் காசு குடுத்ததும் நீங்க. கோட்டுக்குப் போனாலும் நாய் உங்களுக்குத்தான். அது அசையும் ஆதனம்." கதிரை, மேசை, நாய். நான் கேற்றடியில் கோபத்தில் சொன்னதை அவர் சட்டப் பாஷையில் சொன்னார், வேறு வித்தியாசம் இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஒரு வருடத்தில் நான் அரை லோயர் ஆகிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய், "சரி, இது சரிவராது, பிரிவோம்" என்றுதான் முடிவெடுத்தோம். ஆனால் அப்படி ஒரு விவாகரத்து எங்கள் நாட்டுப் பொதுச் சட்டத்தில் இல்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே மூன்று காரணத்தைத்தான் ஏற்கிறது: சோரம் போதல், வன்மமாய்க் கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. ஒருவர் மற்றவருக்குக் குற்றம் செய்திருக்கவேண்டும். ஆகவே லோயர் எங்களுக்கு நடுக்காரணத்தைத் தேர்ந்தெடுத்தார், நான் வழக்காளி, அவர் எதிராளி, அவர் என்னை வன்மமாய்க் கைவிட்டார், அதை அவர் எதிர்த்து வாதாடப் போவதில்லை. முதலில் ஒரு இடைக்காலத் தீர்ப்பு வரும், மூன்று மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பு ஆகும். தாளில் இப்படி இருக்கிறது. கைவிட்டுப் போன மனிதர் கேற்றடியில் நின்று ஒரு ஊர்நாயைக் கேட்டது தாளில் இல்லை.

அதே 1907இல்தான், 13ஆம் இலக்கமாய், மிருகங்களைக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. அதில் எழுதியிருக்கிற தண்டப்பணம் 100 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசோடு தேத்தண்ணிக் கடைக்குப் போனால் ஒரு ரோல்ஸ் வாங்கலாம், தேத்தண்ணிக்கு யோசிக்கவேண்டும். நாயை அசையும் பொருளாய் வைத்திருக்கிற எண்ணம் இன்னும் பழையது. 1638இல் எங்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் இந்த நாட்டில் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டத்தின் மிச்சம் அது. பகிடி என்னவென்றால், ஒல்லாந்தர் தங்கள் சொந்த நாட்டில் 2013இலிருந்து "மிருகங்கள் பொருட்கள் அல்ல" என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நாங்கள்தான் அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

சட்டம் கிடக்கட்டும், இங்கே அதைவிடப் பலமானது வழக்கம். மட்டக்களப்பில் வீடு பொம்பிளைக்கு. எங்கள் பக்கத்துப் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் சட்டத்துக்குக் கோட்டில் இருந்த இடம் 1876இலேயே போய்விட்டது, ஆனால் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு "குடுத்துவச்ச ஆக்கள்" என்றாள். உண்மைதான், பிரியும்போது நான் ஒரு பையும் கட்டவில்லை. அவர்தான் கட்டினார். கட்டிக்கொண்டு எங்கே போவது? களுவாஞ்சிக்குடியில் அவர் பிறந்து வளர்ந்த வீடு இப்போது தங்கச்சியின் சீதன வீடு. நாற்பது வயதில் தங்கச்சி வீட்டில் விருந்தாளி. அங்கே நாய் வரலாமா இல்லையா என்று சொல்லவேண்டியது அவர்கூட இல்லை, தங்கச்சியின் மாப்பிள்ளை.

மாடு என்றால் எங்கள் ஆட்களுக்குப் பிரிக்கத் தெரியும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருந்த காலத்தில் மாட்டுக்குக் குறி சுட்டிருப்பார்கள், எந்தக் குடி (தாய்வழி வரும் கூட்டம்), யாருடைய மாடு என்று தோலிலேயே எழுதியிருக்கும். மாட்டுக்குப் பால் உண்டு, விலை உண்டு. ஊர்நாய்க்கு என்ன உண்டு? விலை இல்லாத ஒன்றைப் பிரிப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கமும் இல்லை, அதனால்தான் ஊர் முழுக்க ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னது. பக்கத்து வீட்டு மாமி, "புள்ள குட்டி இல்லாத வீடு, நாயாவது கிடக்கட்டும்" என்றார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ரொமி எங்களுக்குப் பிள்ளை கிடையாது, பிள்ளைக்குப் பதிலாய் வந்தவனும் கிடையாது. நாய். நாயாய் இருப்பதற்கே அவனுக்கு நாள் முழுக்க வேலை.

உண்மையில் பிள்ளை இருக்கிற வீட்டில் இது லேசு. என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி டீச்சர் ஒருவரின் தாத்தாவுக்கு (அக்காவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றத்தில் விவாகரத்து நடந்தது. மஹர், இத்தா, பிள்ளைச் செலவு என்று எல்லாம் அங்கே பேசினார்கள், வீட்டில் இருந்த பஞ்சுபோல மயிர் வைத்த பூனையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கடைசியில் எட்டு வயது மகள் உம்மாவோடு ஓட்டோவில் ஏறும்போது பூனையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதோடு விசயம் முடிந்தது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. பிள்ளை எங்கேயோ பூனை அங்கே, அதற்கு மேல் பெரியவர்கள் பேச ஒன்றும் இல்லை.

எங்களுக்கு அப்படித் தூக்கிக்கொண்டு போக ஒரு பிள்ளை இல்லை. அவர் போன முதல் கிழமை ரொமி ஒன்றும் காட்டவில்லை. அவர் அடிக்கடி அலுவலகப் பயிற்சி என்று கொழும்புக்குப் போகிறவர், அப்படித்தான் நினைத்திருப்பான். இரண்டாம் கிழமையிலிருந்து பின்னேரம் ஐந்தே முக்காலுக்குக் கேற்றடிக்குப் போய் நிற்கத் தொடங்கினான். எங்கள் ஒழுங்கையால் அவருடையது மாதிரி ஒரு பல்சர் மோட்டார் சைக்கிள் போனால் வால் ஆடும், சத்தம் தாண்டிப் போனதும் நிற்கும். ஒவ்வொரு பல்சருக்கும் இது நடக்கும். கல்லடியில் எத்தனை பல்சர் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்.

வன்கூவரில் இருக்கிற மச்சாள்தான் போனில் சொன்னாள், அங்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 தையிலிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறதாம். யார் பராமரித்தார்கள், வீட்டில் அடிதடி நடந்ததா, பிள்ளைக்கும் மிருகத்துக்கும் என்ன ஒட்டு என்றெல்லாம் நீதிபதி பார்ப்பாராம். ஆனால் இருவரும் மாறி மாறி வைத்திருங்கள் என்று மட்டும் கோட்டால் கட்டளை போட முடியாது, யாரோ ஒருவருக்குத்தான் கொடுக்கலாம். ஸ்பெயினில் 2022இல் வந்த சட்டம் நேர்மாறு, அங்கே இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். நான் அப்போது ஸ்பெயின் பக்கம். நியாயமாய்த் தெரிந்தது, அதோடு நான் விட்டுக்கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன்: வெள்ளி பின்னேரம் எடுங்க, ஞாயிறு கொண்டு வந்து விடுங்க. அவர் ஒரு பெருவிரலை மட்டும் அனுப்பினார்.

பல்சரின் தாங்கிக்கு மேல் முன்னங்காலை வைத்து, காதைக் காற்றுக்குக் கொடுத்து, ரொமி களுவாஞ்சிக்குடிக்குப் போனான். திரும்பி வந்தால் செவ்வாய் வரைக்கும் சரியாய்ச் சாப்பிடமாட்டான். புதன் வியாழன் ஒருமாதிரி அடங்குவான், வெள்ளி திரும்பவும் பயணம். மூன்றாவது ஞாயிறு அவன் கழுத்தைத் தடவினேன், மயிர் தேய்ந்து ஒரு கோடு. தங்கச்சி வீட்டில் ஆடு நிற்கிறது, கோழி நிற்கிறது, மச்சான் சங்கிலியில்தான் கட்டவேண்டும் என்றிருக்கிறார்.

அம்மா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். 2004 மார்கழி 26 காலையில் எங்கள் பழைய வீட்டில் ஒரு நாய் இருந்தது. அது சங்கிலியில் இருந்தது. கடல் வந்தபோது நாங்கள் ஓடினோம், அவிழ்க்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அதைப் பற்றி அம்மா கதைப்பதே இல்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வளவுக்குள் சங்கிலி என்ற சாமானே வந்ததில்லை.

அடுத்த கிழமை ரொமி படுத்துவிட்டான். மீன் தலை போட்டுப் பிசைந்த சோற்றை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பினான், உடம்பு கொதித்தது, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல் முரசு (ஈறு) கடதாசி மாதிரி வெளிறிக் கிடந்தது. சலம் தேயிலைச் சாயம்போலப் போனது. உண்ணிக் காய்ச்சல். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாதா மாதம் கழுத்தில விடுற மருந்து விட்டீங்களா?" என்று கேட்டார். அவர் விட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் விட்டிருப்பேன் என்று அவர் நினைத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த மருந்து விழுந்துபோய்விட்டது. பகிர்ந்து வளர்ப்பதில் இருக்கிற ஓட்டை இதுதான்: பாசம் இரண்டு மடங்காகும், பொறுப்பு பாதியாகும், அந்தப் பாதியையும் மற்றவர் பார்ப்பார் என்று இருவரும் விட்டுவிடுவார்கள்.

ஊசி போட்டார். அதற்கு மேல் டொக்சிசைக்ளின் குளிசை, 28 நாள், சாப்பாட்டோடு. அம்மா முதல் குளிசையைத் தயிருக்குள் ஒளித்துக் கொடுத்தார், இங்கே எந்தப் பிரச்சினைக்கும் எருமைத் தயிர்தானே முதல் வைத்தியம். டொக்டரிடம் சொன்னபோது மனிதர் தலையில் கை வைத்தார். பாலிலும் தயிரிலும் இருக்கிற கல்சியம் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாதாம். சரி, மீனுக்குள் வைத்தேன். மீனைத் தின்றுவிட்டுக் குளிசையைச் சுத்தமாய்த் துடைத்து என் காலடியில் வைத்தான்.

நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குக் கோல் எடுத்தேன். "குளிசை விழுங்குறான் இல்ல."

"காலைல வாறன்" என்றார். வேறொன்றும் இல்லை.

ஆறே காலுக்கு வந்தார். டவுனுக்கு வேலைக்குப் போகிற வழிதான், கல்லடிப் பாலத்துக்கு முன்னால் ஒரு திருப்பம், ஆனாலும் அந்த நேரத்துக்கு வர களுவாஞ்சிக்குடியில் ஐந்தரைக்கு முன்னம் வெளிக்கிடவேண்டும். கேற்றுக்கு உள்ளே வரவில்லை. அவித்த சூடை மீன் ஒரு சின்னப் பேணியில் கொண்டு வந்திருந்தார். குந்தியிருந்து முதல் துண்டை வெறுமையாய்க் கொடுத்தார், இரண்டாவதையும் வெறுமையாய்க் கொடுத்தார், மூன்றாவதில் குளிசை, அதை அவன் வாயில் வாங்கும்போதே நாலாவது துண்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். நாலாவதை விட்டுவிடக்கூடாதே என்ற அவசரத்தில் மூன்றாவது விழுங்கப்பட்டது. வாய் துடைத்துவிட்டார், காதைத் தூக்கி உள்ளே உண்ணி பார்த்தார், "போறன்" என்றார், போனார்.

28 நாளும் வந்தார். ஒரு நாள் கொட்டுகிற மழை, அன்றைக்கும் வந்தார். மூன்றாம் நாளே அந்த வித்தை எனக்குப் பிடிபட்டுவிட்டது, கடையில் சூடையும் கிடைக்கும், நானே கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்று கேட்டால், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே ரொமி எழும்பிக் கேற்றடிக்குப் போவான், நோய்க்கார நாய், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், என்றாலும் போவான். நான் ஐந்து வருடம் சோறு போட்டவள். எனக்காக அவன் ஒரு நாளும் அப்படி எழும்பிப் போனதில்லை. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பத்துப் பதினைந்து நாள் போக, பொறாமைக்கும் அலுத்துவிட்டது. அட்டைக் கணக்கில், வீட்டுக் கணக்கில், லோயர் கணக்கில் ரொமி எனக்குச் சொந்தம். அவன் கணக்கில் நான் சோறு போடுகிற நல்ல மனுசி.

நீங்கள் நினைக்கிற மாதிரி அந்த 28 நாளில் நாங்கள் திரும்பவும் சேரவில்லை. அப்படி எதிர்பார்த்து அம்மா இரண்டு நாள் தேத்தண்ணி ஊற்றிக் கேற்றடிக்குக் கொண்டு போனார். அவர் நின்றபடி குடித்துவிட்டுக் கோப்பையை மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

29ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான்தான் சொன்னேன், "கொண்டு போங்க. ஆனா சங்கிலி இல்லாத வீட்டுக்கு."

அவர் உடனே தலையாட்டவில்லை. ஒரு மாதம் எடுத்தார். ஆரையம்பதியில் இரண்டு அறையும் மதில் கட்டின வளவும் உள்ள ஒரு வாடகை வீடு பார்த்தார். அந்த மாதத்துக்குள் நான் லோயரிடம் போய், உடன்படிக்கையில் நாயையும் சேர்க்கலாமா என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டு, "அதுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரு கொப்பித் தாளில எழுதி ஒப்பம் வைங்க, போதும்" என்றார். எழுதினோம். பிரிகிற நிலையில் இருக்கிற யாராவது இதை வாசித்தால் அப்படியே பார்த்து எழுதலாம், நாங்கள் பட்டு அறிந்தது. உண்ணி மருந்தும் வருட ஊசியும் அவர் பொறுப்பு, அவர் மட்டும்தான், நான் அதில் தலையிடமாட்டேன். பெரிய வைத்தியச் செலவு வந்தால் பாதி என்னுடையது. அவர் கட்டாருக்கோ துபாய்க்கோ போவதானால் (எங்கள் பக்கம் இதை எழுதாமல் விட்டால் பிறகு அழவேண்டி வரும்) வேறு யாரிடமும் கேட்கமுன் என்னிடம் கேட்கவேண்டும். சித்திரை வருசத்துக்கும் தீபாவளிக்கும் வெடிச்சத்தம் தொடங்கமுன் உள்ளே எடுத்துவிடவேண்டும், கட்டிலுக்குக் கீழே பழைய சாரம் ஒன்று போடவேண்டும். கடைசிக் காலத்தில் வலி தாங்காமல் கிடந்தால் ஊசி போடுவதா இல்லையா என்பதை அவர் தனியாய் முடிவெடுக்கக்கூடாது, எனக்குச் சொல்லவேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதும்போதுதான் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம், கல்யாணப் பதிவில் ஒப்பம் வைத்த நாளில்கூட அப்படிப் பார்த்ததாய் ஞாபகம் இல்லை.

பூனையைப் பற்றிச் சொல்லவில்லையே. கறுப்பி. அவளைப் பற்றி எந்தப் பேச்சும் எழவில்லை. "பூனை வீட்டைப் பாக்கும், நாய் ஆளைப் பாக்கும்" என்று அம்மா சொன்னார், அது சரிதான், கறுப்பிக்கு அவர் போனதே தெரிந்திருக்காது. ரொமி போன அன்று மட்டும் விறாந்தை நடுவில், அவன் படுக்கிற இடத்தை மணந்து பார்த்துவிட்டு, அதிலேயே படுத்தாள்.

மஞ்சள் அட்டையையும் கொடுத்தனுப்பினேன். போன மாதம் ஊசி போட்டுவிட்டுக் கோல் எடுத்தார். "பேர் மாத்தவா எண்டு கேக்கிறாங்க."

"இடம் இருக்கா?"

"இல்ல, உன்ட பேரை வெட்டிப்போட்டுத்தான் எழுதவேணும்."

"மறுகா புது அட்டை எடுக்கேக்க மாத்துங்க" என்றேன்.

அன்று இரவு ஒரு குரல்பதிவு வந்தது. பத்துச் செக்கன், அவர் ஒன்றும் பேசவில்லை, ரொமி ஆரையம்பதியில் யாரையோ பார்த்துக் குரைக்கிறான், நடுவில் ஒரு சேவலும் கூவுகிறது. சத்தத்தைக் கூட்டி இன்னொருமுறை போட்டேன். கதிரைக்குக் கீழே கிடந்த கறுப்பி வாலை விறைத்துக்கொண்டு எழும்பி, நேரே கேற்றைப் பார்த்தாள்.